ஜெராமிலிருந்து வந்த அலுமினியப் படகு

நான் வேலை பார்த்த பட்டறையில் இப்போது மண்டோராக, வேலையை மேற்பார்க்கிறவனாக இருக்கும் தேவன் அடிக்கடி எனக்குப் படம் அனுப்புவான். ஏதாவது ஒரு பழைய அலுமினியப் படகு, குப்புறக் கவிழ்த்துப் போட்டிருக்கும். கூடவே ஒரு வரி: “அண்ணே, இது தேறுமா?” நான் பெரும்பாலும் மறுநாள்தான் பதில் போடுவேன். கண்ணாடியைத் தேடி எடுத்துப் படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பதே எனக்கு ஒரு வேலையாக இருக்கிறது. போன மாதம் அவனே வீட்டுக்கு வந்துவிட்டான். புதிதாகச் சேர்ந்தவர்கள் எல்லாரும் ஃபைபர் படகில் பழகினவர்கள், அலுமினியப் படகு என்றால் தேய்த்துப் பெயிண்ட் பூசினால் போதும் என்று நினைக்கிறார்கள், நீங்கள் செய்த மாதிரி எழுதிக் கொடுங்கள் என்றான். முடியாது என்றேன். வலது தோளைப் பாதிக்கு மேல் தூக்க முடியவில்லை. காதில் எந்நேரமும் ரீங்காரம். படகுகளைப் பற்றி நினைக்காமல் ஒரு வருடமாவது இருந்து பார்க்க வேண்டும் என்றுதான் வேலையை விட்டதே. அவன் எழுந்து போன பிறகும் ஒரு படகு மட்டும் மனதை விட்டுப் போகவில்லை. அதை எழுதிவிடுகிறேன். அதற்குள்ளேயே வேலையும் இருக்கிறது.

என்னை எல்லாரும் மணி என்பார்கள். பிறந்தது புக்கிட் ரோத்தான் பக்கம் ஒரு தோட்டத்தில். அப்பா செம்பனை எண்ணெய் ஆலையில் கொதிகலன் பார்த்தார். அங்கே இருந்த பட்டறையில் நான் வெல்டிங் வைத்து இரும்பு ஒட்டக் கற்றுக்கொண்டேன். தோட்டத்தை விற்று வீடு கட்டப் போகிறார்கள் என்றதும், கோலசிலாங்கூர் ஆற்றோரத்தில் இருந்த ஒரு சீன முதலாளியின், எங்கள் பேச்சில் தவுக்கேயின், படகுப் பட்டறைக்கு வந்து சேர்ந்தேன். இரும்பு ஒட்டத் தெரிந்தவனுக்கு அலுமினியம் பெரிய விஷயமா என்ற நினைப்பு. இரும்பு உருகுவதற்கு முன்னால் சிவக்கும், கண்ணுக்குத் தெரியும். அலுமினியம் சிவக்காது. அப்படியே வெள்ளையாக இருக்கும், திடீரென்று ஓட்டை விழுந்துவிடும். முதல் வாரம் நான் போட்ட ஓட்டைகளைத்தான் அடுத்த வாரம் முழுக்க அடைத்துக்கொண்டிருந்தேன். பயிற்சி என்று சொல்ல அவ்வளவுதான்.

தவுக்கே ஆபீஸ் அறையை விட்டு வெளியே வரமாட்டார். வேலை எல்லாம் மண்டோர் பாக் சாலேயின் கையில். ‘பாக்’ என்பது பெரியவர்களை அழைக்கும் மலாய் மரியாதைச் சொல். ஒல்லியான மனிதர், தஞ்சோங் காராங் கம்பத்தில், மலாய்க் கிராமத்தில், பிறந்தவர். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. படகு வந்து இறங்கியதும் முதலில் போய்க் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவார். எண்ணெய்க் கையோடு தகட்டைத் தொட்டால் ஈரம் எது எண்ணெய் எது என்று தெரியாது என்பார். பிறகு விரல் முட்டியால் மூக்கிலிருந்து பின்பக்கம் வரைக்கும் தட்டிக்கொண்டே போவார். படகுக்காரர் பக்கத்தில் நின்று, “போலேக்கா, பாக்? செய்ய முடியுமா?” என்று கேட்பார். சாலேயின் பதில் எப்போதும் ஒன்றுதான். “தெங்கோக் டூலு” என்பார். முதலில் பார்ப்போம். அவர் வாயிலிருந்து முதல் நாளே ‘முடியும்’ என்று வந்து நான் பார்த்ததில்லை.

பார்ப்பதற்கு அவரிடம் ஒரு முறை இருந்தது. படகை இரண்டு மரக்கட்டைகள் மேல் நிமிர்த்தி வைத்து, உள்ளே குழாய்த் தண்ணீரைப் பாதி வரைக்கும் நிரப்பச் சொல்வார். நாங்கள் கீழே படுத்து, எங்கே கசிகிறதோ அங்கே சாக்கட்டியால் வட்டம் போடுவோம். தண்ணீர் இறங்கிய பிறகு பெயிண்டை உரிக்க வேண்டும். உரித்தால்தான் வெள்ளைப் பொடி தெரியும். உப்புத் தண்ணீர் அலுமினியத்தைத் தின்ற இடம் அது. அதன் மேல் ஆணிமுனையை வைத்து அழுத்திப் பார்ப்பார். முனை உள்ளே போனால் அந்தத் தகட்டை வெட்டியாக வேண்டும். தகடுகளைப் பிணைக்கிற ரிவெட்டு ஆணிகளில் ஆடுகிறவற்றை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டுப் புதிதாக அடிக்க வேண்டும். அதற்கு இரண்டு பேர் வேண்டும், வெளியே ஒருவன் அடிக்க, உள்ளே ஒருவன் இரும்புக் கட்டியை முட்டுக் கொடுத்துப் பிடிக்க. நான்தான் உள்ளே. காது போனது அப்படித்தான்.

ஒரு தடவை புஞ்சாக் ஆலாமிலிருந்து ஒருவர் வந்தார். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு மீன் பிடிக்கப் போக வேண்டும், பெயிண்ட் மட்டும் பூசிக் கொடுங்கள் போதும் என்றார். சாலே படகைத் தட்டிப் பார்த்துவிட்டு, “அடியில் வேலை இருக்கிறது, செய்யாமல் பூச மாட்டேன்” என்றார். வந்தவர் கோபித்துக்கொண்டு படகை ஏற்றிப் போய்விட்டார். தவுக்கேயே வெளியே வந்து என்ன ஆயிற்று என்று கேட்டார். “பிள்ளைகள் போகிற படகு, தவுக்கே” என்றார் சாலே. தவுக்கே திரும்பி உள்ளே போனார். சாலே எப்படிப்பட்டவர் என்று எனக்குப் புரிந்தது அன்றைக்குத்தான்.

ஜெராமிலிருந்து ஆறுமுகம் அண்ணன் படகு கொண்டுவந்தது கோவிட் வருவதற்குச் சில வருடங்களுக்கு முன்னால். தோட்டத்தில் லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர். சின்ன அலுமினியப் படகு, மூன்று பேர் தாராளமாகப் போகலாம். மோட்டார் இல்லை. மோட்டார் மாட்டுகிற பின்பலகையின் மேல் பாதி பிய்ந்து போயிருந்தது. சாலே பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

“தம்பி, நீங்க நம்மாளு. சொல்லிடறேன். இதுலதான் என் சின்னவன் போயிட்டான்.”

ஊரில் பலருக்குத் தெரிந்த சங்கதிதான். நானும் அரைகுறையாகக் கேள்விப்பட்டிருந்தேன். அவருக்கு இரண்டு மகன்கள். பெரியவன் சேகர், சின்னவன் பிரபா. இருவரும் மீன் பிடித்துவிட்டுத் திரும்பும்போது முகத்துவாரத்தில் பின்னாலிருந்து அலை ஏறிப் படகில் தண்ணீர் நிறைந்துவிட்டது. மோட்டார் பிய்ந்து கடலுக்குள் போனது. படகின் பின்பக்கம் மூழ்கி, மூக்கு மட்டும் மேலே நின்றது. சேகர் அதைப் பிடித்துக்கொண்டு கிடந்தான், ஒரு சீனர் படகு வந்து காப்பாற்றியது. பிரபாவால் அதுவரைக்கும் பிடித்துக்கொண்டிருக்க முடியவில்லை.

“மணல்திட்டுல படகை ஏத்தி மோதிட்டான் பெரியவன். கவனமில்லாம ஓட்டியிருக்கான்” என்றார் ஆறுமுகம் அண்ணன். “நீ மட்டும் எப்படிடா வந்தேன்னு கேட்டேன். அன்னிக்கோட பேச்சு நின்னு போச்சு. இப்ப பொண்டாட்டி பிள்ளைங்களோட புக்கிட் செந்தோசாவுல இருக்கான்.”

“இத எதுக்கு அண்ணே இப்ப செய்யறீங்க?”

“வீட்டுப் பின்னால கொட்டாயில கவுத்துப் போட்டிருக்கேன். மூணு வருசமா தினம் பாக்கறேன். ஒடைச்சுப் போடவும் மனசு வரல. நல்லா செஞ்சு குடுங்க, யாராச்சும் எடுத்துக்கட்டும்.”

அவர் போன பிறகு, அவர் சொன்னதையெல்லாம் சாலேயிடம் சொல்லிவிட்டு வேலையை ஆரம்பித்தோம். முதல் சந்தேகம் தூக்கும்போதே வந்தது. மோட்டார் இல்லாத வெறும் படகு, நான்கு பேர் லேசாகத் தூக்கிவிடலாம். இது தூக்க வரவில்லை. முன்பக்கம் எழுந்தது, பின்பக்கம் தரையை விடவில்லை. சாலே என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

இந்த மாதிரிப் படகில் உட்காரும் பலகைக்குக் கீழே பெட்டி மாதிரி மூடி, உள்ளே ஃபோம் அடைத்திருப்பார்கள். படகில் தண்ணீர் நிறைந்தாலும் மூழ்காமல் மட்டத்தில் நிற்க அதுதான் காரணம். ஆட்கள் பிடித்துக்கொண்டு கிடக்கலாம். சாலே பின் இருக்கையின் ரிவெட்டுகளைத் துளைத்து எடுக்கச் சொன்னார். மேல்தகட்டைத் தூக்கினேன். ஃபோம் பழுப்பாக இருந்தது. ஒரு துண்டைப் பெயர்த்துக் கையில் எடுத்தால் முழங்கை வரைக்கும் தண்ணீர் வழிந்தது. சாலே அதை நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துத் துப்பினார்.

“உப்பு” என்றார். “மழைத் தண்ணீர் இல்லை. ஒரு நாள் முங்கியதில் இவ்வளவு குடிக்காது.”

பிறகு பின்பலகை. அதன் உள்பக்கத்தில் யாரோ தகரம் வைத்து இரும்புத் திருகாணி போட்டு, மேலே படகு நிறத்திலேயே பெயிண்ட் பூசியிருந்தார்கள். இரும்பும் அலுமினியமும் உப்புத் தண்ணீரில் ஒட்டிக்கிடந்தால் அலுமினியம்தான் அழியும். திருகாணியைச் சுற்றி எல்லாம் வெள்ளைப் பொடி. அந்த ஓட்டைகள் வழியாகத் தண்ணீர் இருக்கைக்குள் போயிருக்கிறது, போனது வெளியே வர வழியில்லை. தகரத்தை நெம்பி எடுத்ததும் உள்ளே இருந்த மரம் நனைந்த தேயிலைத் தூள் மாதிரி தரையில் கொட்டியது.

சாலே கையைக் கழுவிவிட்டு வந்து, பலகை பிய்ந்த ஓரத்தை வெகுநேரம் தடவிப் பார்த்தார். நல்ல மரம் உடைந்தால் நாராகக் கிழியும். இது பிஸ்கட் உடைந்த மாதிரி இருந்தது. அப்புறம் படகைக் கவிழ்க்கச் சொல்லி, அடியில் நீளவாக்கில் ஓடும் அடிவரிச்சலை மூக்கிலிருந்து கடைசி வரைக்கும் விரலால் நீவினார். மணல்திட்டில் மோதியதற்கு அடையாளமாக ஒரு கீறல்கூட இல்லை.

“நீ அவரிடம் சொல்லு” என்றார் மலாயில். “உங்கள் மொழியில் சொல்லு.”

“நீங்கள் சொல்லுங்கள் பாக். நீங்கள்தானே மண்டோர்.”

“நான் சொன்னால் பாதிதான் புரியும். இது பாதி புரிகிற விஷயம் இல்லை.” கந்தையில் கையைத் துடைத்தார். “பலகை முன்னாலேயே இற்றிருந்தது என்று சொல்லு. ஃபோம் தண்ணீர் குடித்திருந்தது என்று சொல்லு. அடியில் கீறல் இல்லை என்று சொல்லு. பலகை நன்றாக இருந்திருந்தால் பையன் பிழைத்திருப்பானா என்று கேட்பார். அது நமக்குத் தெரியாது. தெரியாததைச் சொல்லாதே. அவர் மனசு ஆற வேண்டும் என்று ஒன்றையும் குறைக்காதே.”

இத்தனை வருட வேலையில் எனக்குப் பிடிக்காத வேலை எது என்று யாராவது கேட்டால் அதுதான். மறுநாள் ஆறுமுகம் அண்ணன் வந்தார். நான் எதையும் மேலே போட்டு மூடவில்லை. ஃபோம், தகரம், தேயிலைத் தூள் மரம், எல்லாம் படகுக்குப் பக்கத்தில் கித்தான் துணியில் கிடந்தது. சாலே தள்ளி நின்றார், ஆனால் போகவில்லை. சொல்ல வேண்டியதை ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

அவர் குந்தி உட்கார்ந்து, தகரத்தைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இது நான் அடிச்சது” என்றார். “பலகை கொஞ்சம் மெத்துன்னு இருந்துச்சு. அடுத்த வருசம் பாத்துக்கலாம்னு தகரத்த வச்சு அடிச்சேன்.”

அவர் படகின் அடிப்பக்கத்தைப் பார்த்தார்.

“அப்ப மணல்ல மோதலியா?”

“அடியில கீறல் இல்லண்ணே. மோதுன மாதிரித் தெரியல.”

“அவன் சொன்னான் தம்பி. ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டே சொன்னான். ‘அப்பா, பின்னால ஒரே கனமா இருந்துச்சு, எவ்வளவு மொண்டு ஊத்தியும் எழும்பலப்பா’ன்னான். தப்பிக்கறதுக்குப் பொய் சொல்றான்னு நெனச்சேன்.” தகரத்தைக் கீழே வைத்தார். “இது நல்லா இருந்திருந்தா சின்னவன் இருந்திருப்பானா?”

“தெரியாதுண்ணே. அது எங்களுக்குத் தெரியாது.”

சாலே சொல்லிக்கொடுத்த வார்த்தைதான். ‘விதிண்ணே, யாரு என்ன செய்ய முடியும்’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இருவருக்கும் சுலபமாக இருந்திருக்கும். சொல்லவில்லை. அவர் எழுந்து, மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே சாலை வரைக்கும் போனார். அங்கே போய்த்தான் ஏறி உட்கார்ந்தார்.

அதன் பிறகு அவர் வரவில்லை. போன் போட்டாலும் எடுக்கவில்லை. படகு ஓரமாகக் கிடந்தது. வேறு படகுகள் வந்தன, போயின. அந்த ஓரத்தைத் தாண்டிப் போகும்போதெல்லாம் அந்த மனிதர் ஏதாவது விபரீதம் செய்துகொண்டிருப்பாரோ என்று நினைத்துக்கொள்வேன். ஒரு நாள் பொறுக்க முடியாமல் சாலேயிடம் கேட்டேன், நாம் சொல்லாமலே பலகையை மாற்றிக் கொடுத்திருக்கலாம் இல்லையா என்று.

“இருக்கலாம்” என்றார். “புக்கிட் செந்தோசாவில் இருக்கிற பெரிய மகனுக்கு யார் சொல்லியிருப்பார்கள்?”

அவன் வந்தது ஒரு சனிக்கிழமை. தொழிற்சாலைச் சட்டையோடு நேராக வேலையிலிருந்து வந்திருந்தான். முப்பது வயதுக்கு மேல் இருக்கும், முன்தலை கொஞ்சம் நரைத்திருந்தது.

“மணி அண்ணன் யாரு?”

“நான்தான்.”

“நான் சேகர். ஜெராம் ஆறுமுகத்தோட மகன். அப்பா போன் பண்ணாரு.” அதைச் சொல்லும்போது அவன் முகத்தில் இன்னும் ஆச்சரியம் இருந்தது. “‘பட்டறைக்குப் போ. மணிகிட்டக் கேளு’ன்னாரு. வச்சிட்டாரு. வேற எதுவும் பேசல. என்ன அண்ணே, அவருக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?”

அவனைப் படகிடம் கூட்டிக்கொண்டு போனேன். அப்பாவிடம் சொன்ன அதே வார்த்தைகளை, கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். ஃபோம் துண்டு ஒன்றை எடுத்துப் பிழிந்தான். அவ்வளவு நாள் கழித்தும் தண்ணீர் வந்தது. சட்டைக்கை நனைந்ததை அவன் கவனிக்கவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

“நானே நம்பிட்டேன் அண்ணே” என்றான். “எல்லாரும் மணல்ல மோதிட்டே மோதிட்டேன்னு சொல்லிச் சொல்லி, மோதின சத்தம்கூட எனக்குக் கனவுல கேட்க ஆரம்பிச்சிருச்சு. நான்தான் அவனைக் கொன்னேன்னு நெனச்சிட்டு இருந்தேன் லா.”

“அடியில கீறல் இல்ல தம்பி.”

“இன்னொரு வாட்டி சொல்லுங்க அண்ணே.”

சொன்னேன். அவன் எழுந்து, தானே குனிந்து அடிவரிச்சலைத் தடவிப் பார்த்தான். மூக்கிலிருந்து கடைசி வரைக்கும். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, “இதைச் செஞ்சு குடுங்க” என்றான். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

வேலை நாங்கள் நினைத்ததைவிட இழுத்தது. பின்பகுதித் தகடு முழுவதையும் வெட்டினோம். புதுப்பலகை அறுத்து, ஓரம் விடாமல் பசை பூசிக் காயவைத்துப் பொருத்தினோம். இந்தத் தடவை திருகாணி, துருப்பிடிக்காத இரும்பில். அதற்கும் தகட்டுக்கும் நடுவே ரப்பர் வைக்காமல் சாலே ஒன்றைக்கூட முடுக்க விடவில்லை. இருக்கைகளுக்குள் தண்ணீர் குடிக்காத ஃபோமை வெட்டி அடைத்து, கீழே வடிகிறதற்கு ஓட்டை விட்டோம். என் தோள் அப்போதே தகராறு செய்ய ஆரம்பித்திருந்தது. உள்ளே குந்திக்கொண்டு இரும்புக் கட்டியைப் பிடித்திருக்கும்போது, இவர்கள் இதை என்னதான் செய்யப் போகிறார்கள் என்ற யோசனை ஓடிக்கொண்டே இருக்கும். கடலுக்குக் கொண்டுபோவார்களா, விற்பார்களா, மறுபடியும் அந்தக் கொட்டாயிலேயே போட்டுவிடுவார்களா. மற்ற படகுகளில் எனக்கு அந்த யோசனை வந்ததில்லை.

எடுத்துக்கொண்டு போக மூன்று பேரும் வந்தார்கள். சேகர் பிக்கப் ஓட்டிக்கொண்டு வந்தான். முன்னால் அவன் பக்கத்தில் அம்மா. பின்தட்டில், வெயிலில், ஆறுமுகம் அண்ணன். இடமில்லாமல் இல்லை. அவராகத்தான் அங்கே உட்கார்ந்திருந்தார். அப்பனும் மகனும் ஒருவரை ஒருவர் பார்த்துப் பேசிக்கொள்ளவில்லை. “கயிறு”, “இங்க பிடி” என்று ஒற்றை ஒற்றை வார்த்தைகள் மட்டும்.

படகு தரையில் கட்டைகள் மேல் இருந்தது. அந்த அம்மா அதைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். பேர் பார்வதி என்று பிறகுதான் தெரிந்தது. செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார். யாரையும் கேட்காமல் விளிம்பைப் பிடித்து உள்ளே ஏறினார். சேகர் பதறிப் போய்க் கைகொடுக்க ஓடினான்.

“எங்கடா உக்காந்திருந்தான்?” என்றார்.

சேகர் நடு இருக்கையில் இடது பக்கத்தைக் காட்டினான். அவர் அங்கே போய் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டார். அழவில்லை. கடல் இருக்கிற திசையைப் பார்த்தாரா என்றால் அதுவும் இல்லை. சும்மா உட்கார்ந்திருந்தார். கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்த பக்கம் சாலே கையைக் காட்டினார். நின்றது. “எல்லாரும் சாப்பிடப் போங்கள்” என்றார். சாப்பாட்டு நேரம் ஆகவே இல்லை. யாரும் கேள்வி கேட்காமல் போனார்கள். நானும் சாலேயும் மட்டும் நின்றோம்.

வெகுநேரம் கழித்து சேகர் பக்கத்தில் போய், “வாங்கம்மா, வீட்டுக்குப் போவோம்” என்றான்.

“நீயும் வர்றியா?”

“வரேன்மா.”

அவர் எழுந்து மகனின் தோளைப் பிடித்துக்கொண்டு ஒரு காலை விளிம்புக்கு வெளியே எடுத்தார். கீழே தரையில் தகட்டுச் சீவல் கிடந்தது, வெறுங்காலை வைத்தால் கிழித்துவிடும். நான் சொல்ல வாயெடுப்பதற்குள் ஆறுமுகம் அண்ணன் போய், ஓரத்தில் கிடந்த செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார். படகுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, ஒவ்வொன்றாக மனைவியின் காலுக்குக் கீழே வைத்தார். அந்த அம்மா குனிந்து அவரைப் பார்த்தார். பிறகு காலை நுழைத்துக்கொண்டார்.